இரண்டு புள்ளியும் ஒரு பிறையும்

ஹூஷங்குக்கு விலை சொல்ல வராது. இஸ்ஃபஹானில் வெள்ளிக்கிழமை காலைகளில் பழைய பைக்கான் கார்க்காரர்கள் கூடுகிற திடலில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். விரிப்பில் கிடக்கிற சாமானில் ஒன்றைக் கையிலெடுத்து, என்ன விலை என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவர் முகம் சிவந்துவிடும். "உங்களுக்கு முன்னால இதுக்கு என்ன மதிப்பு, சும்மா எடுத்துட்டுப் போங்க" என்பார். அந்த ஊரில் கடை வைத்திருக்கிற எல்லோரும் சொல்கிற மரியாதைப் பேச்சுதான். மற்றவர்கள் அதைச் சொல்லி, கேட்டவர் நெஞ்சில் கை வைத்து மறுத்ததும், அடுத்த மூச்சில் விலையைச் சொல்லிவிடுவார்கள். ஹூஷங்குக்கு அந்த அடுத்த மூச்சு மட்டும் வரவே வராது.

அதற்குத்தான் ஈரஜ் இருந்தான். ராணுவச் சேவையின்போது பாலைவனத்தில் ஒரே கூடாரத்தில் படுத்துக்கிடந்தவர்கள் இருவரும். ஹூஷங் 'சும்மா எடுத்துட்டு' என்று ஆரம்பிக்கும்போதே ஈரஜ் டீக் குடுவையைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் தோளில் கை போடுவான். "இவருக்குப் பெரிய மனசு. இவரு பொண்டாட்டிக்கு அவ்வளவு பெருசு இல்ல. எட்டு லட்சம் தோமான் குடுங்க" என்பான். கூட்டம் சிரிக்கும். வாங்குகிறவரும் சிரித்துக்கொண்டே பணத்தை எடுப்பார். ஹூஷங் தலையைக் குனிந்துகொண்டு சாமானைத் தாளில் சுற்றுவார். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, இருவருக்கும் தலை நரைத்தும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

இது ஹூஷங்கின் முழுநேரப் பிழைப்பு இல்லை. மதியம்வரை ஒரு பல் மருத்துவரின் பின்கட்டில் பல்செட் செய்கிற வேலை. ஊரிலுள்ள பாதிக் கிழவர்கள் அவர் வார்த்த பல்லால்தான் ரொட்டி மென்றார்கள். வேலை முடிந்தால் அவர் மனசு காரில்தான் இருக்கும். வியாழக்கிழமைகளில் தன் பைக்கானை எடுத்துக்கொண்டு யஸ்து, நாயின், அர்தெஸ்தான் என்று கிளம்பிவிடுவார். பட்டறையை மூடிவிட்ட மெக்கானிக்குகளின் வீட்டுக் கதவைத் தட்டுவார். மேல் பரணில் அப்பன் வாங்கிப் போட்ட சாமான் கிரீஸ் தாள்கூடப் பிரிக்காமல் கிடக்கும். பிள்ளைகளுக்கு அது குப்பை. ஹூஷங்குக்கு அது உயிர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, கதவுக் கைப்பிடி, வைப்பர் மோட்டார், ஹாரன் வளையம் என்று டிக்கி நிறைய அள்ளிக்கொண்டு வந்து, குடியிருப்பின் தரைக்கீழ்க் கிடங்கறையில் அடுக்குவார். அந்த அறையில் அவர் மனைவி பூரானுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கியிருந்தார். அதிலும் ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே கார்புரேட்டர் ஏறி உட்கார்ந்துவிட்டது என்று பூரான் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

பழைய கார் வைத்திருப்பவர்களின் பெரிய எதிரி போலிச் சாமான். பார்க்க அசல் மாதிரியே இருக்கும், ஒரு கோடை தாங்காது. அதனால் ஹூஷங் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தான் சோதித்து அசல்தான் என்று உறுதியான சாமானில், வெளியே தெரியாத உள்விளிம்பில், தன் முத்திரையைப் போடுவார். பிளாஸ்டிக்கென்றால் பல்செட் மெழுகைச் செதுக்குகிற ஊசியைச் சூடாக்கி இரண்டு புள்ளி, கீழே ஒரு பிறை. இரும்பென்றால் பல்லைக் குடைகிற மெஷினால் அதையே பொறிப்பார். பிறகு ஒன்று சொல்வார். விலை சொல்லத் திக்குகிற அந்த வாய் இதை மட்டும் திக்காமல் சொல்லும்: "இது இருந்தா எப்ப வேணா கொண்டு வாங்க. ஏன் எதுக்குன்னு கேக்காம திரும்ப வாங்கிக்கறேன்."

நாளடைவில் ஷிராஸிலும் மஷ்ஹதிலும் இருக்கிறவர்கள்கூட, யாரோ யாருக்கோ விற்கிற சாமானைப் பற்றிப் போனில் விசாரிக்கும்போது, ஹூஷங் ஆகா, அதாவது ஹூஷங் ஐயா, முத்திரை இருக்கா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவருக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. அவர் பேர் முழுக்க அந்த இரண்டு புள்ளியிலும் ஒரு பிறையிலும்தான் இருந்தது.

அவர் விற்காமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. பைக்கான் வந்த முதல் வருஷத்து வண்டியின் டெயில் லைட்டின் பிளாஸ்டிக் கண்ணாடி, இடது வலது இரண்டும், பெட்டி மடிப்புக் கலையாமல். ரத்தச் சிவப்பு. ஒரு தடவை கெர்மான் டாக்டர் ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றதால், சரி என்று சொல்லி முத்திரையும் போட்டுவிட்டார். இடதுபக்கக் கண்ணாடியில் பிறையைக் கீறும்போது ஊசி சறுக்கி, பிறைக்கு வால் முளைத்த மாதிரி ஒரு கோடு விழுந்தது. டாக்டர் படியிறங்கிக்கொண்டிருந்தார். ஹூஷங் பின்னாலேயே ஓடி, மன்னிச்சுக்கோங்க, மனசு கேக்கல என்று பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். டாக்டர் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லித் திட்டுவார்.

ஈரஜ் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் டெஹ்ரான். பிளாஸ்டிக் பக்கெட்டும் குப்பைக்கூடையும் வார்க்கிற பட்டறைக்காரர்கள். ஈரஜிடம் இருந்ததும் முதல் வருஷத்துப் பைக்கான்தான். மகளைப் பூ வைத்து அதிலேதான் அழைத்துப்போக வேண்டும் என்று ஆசை. ஆனால் பின்விளக்குக் கண்ணாடி இரண்டும் உடைந்து சிவப்பு டேப் ஒட்டிக் கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை திடலில், எல்லோரும் சுற்றி நிற்கும்போது, ஈரஜ் தயங்கித் தயங்கி அதைச் சொன்னான்.

ஹூஷங் யோசிக்கக்கூட இல்லை. "என்னடா பேச்சு இது? உனக்கே சமர்ப்பணம். உன் வண்டிக்குன்னே வச்சிருந்ததுன்னு நெனச்சுக்க."

ஈரஜ் வேண்டாம் என்றான். ஹூஷங் வற்புறுத்தினார். மறுபடி வேண்டாம் என்றான், நெஞ்சில் கை வைத்து. மூன்றாம் முறை, கல்யாணம் முடிந்ததும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டான். எல்லோரும் கை தட்டினார்கள். முறையாக எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நடந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. கண்ணாடி திரும்பி வரக் கொஞ்சம் தாமதமானது. மாப்பிள்ளை வீட்டில் விருந்து, டெஹ்ரான் பயணம் என்று ஏதேதோ. கடைசியில் துண்டில் சுற்றி, கூடவே ஒரு பெட்டி கஸ் மிட்டாயோடு ஈரஜே கொண்டுவந்தான். அவன் போனபிறகு ஹூஷங் துண்டைப் பிரித்தார். கண்ணாடியின் உள்பக்கம் விரலில் வழுக்கியது.

வழுவழுப்பென்றால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. அந்த வழுவழுப்பு அவர் கைக்குத் தினமும் பழக்கம். அச்சு எடுக்கும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவுகிற வகை. வார்ப்பு வேலை செய்கிற எவன் கையும் அதை இருட்டிலும் கண்டுபிடித்துவிடும். ஹூஷங் கொஞ்ச நேரம் விரலைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றார். கல்யாண வண்டி, யாராவது பாலிஷ் போட்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பெட்டியில் வைத்தார். பூரான் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மிட்டாயை மட்டும் அவள் தொடவே இல்லை.

அடுத்த கோடை முடிகிற சமயம், திடலுக்கு ஷிராஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். பேர் மாண்டானா. செத்துப்போன அப்பாவின் பைக்கானை இரண்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்து, அதை ஓட்டிக்கொண்டே வந்திருந்தாள். இறங்கியவள் ஸலாம்கூட முழுதாகச் சொல்லாமல் ஹூஷங்கின் வண்டி பானட்டின் மேல் இடதுபக்க டெயில் லைட் கண்ணாடி ஒன்றை வைத்தாள். சிவப்பு வெளுத்து ஆரஞ்சுப் பழத்தோல் நிறமாகியிருந்தது. குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு.

"ஹூஷங் ஆகா நீங்கதானே? மூணு மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். உங்க முத்திரை இருக்குன்னுதான் வாங்கினேன். ஒரு கோடை வரல."

இது அசல் இல்லை, என் கை பட்டதே இல்லை என்று சொல்லத்தான் ஹூஷங் வாயெடுத்தார். சொல்வதற்குமுன் கண்ணாடியைத் திருப்பினார். உள்விளிம்பில் இரண்டு புள்ளி. கீழே பிறை. பிறைக்கு வால்.

உலகத்தில் அந்த வால் ஒரே ஒரு கண்ணாடியில்தான் உண்டு. அது கிடங்கறையில், பெட்டிக்குள் இருக்கிறது.

அந்த வழுவழுப்பு மறுபடி விரல் நுனிக்கு வந்தது மாதிரி இருந்தது. கல்யாணம், தாமதம், டெஹ்ரான் பயணம், பக்கெட் பட்டறை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அச்சு எடுத்தவன் உள்விளிம்பைக் கவனிக்கவில்லை. அசலில் இருந்த கீறல் அச்சிலும் விழுந்து, அச்சில் விழுந்தது வார்த்த ஒவ்வொன்றிலும் விழுந்திருக்கிறது. அவர் கையால் போட்ட முத்திரையை மெஷின் போட்டுக்கொண்டிருக்கிறது.

நிமிர்ந்து ஈரஜைப் பார்த்தார். ஈரஜ் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். கூட்டம் இருவரையும் பார்த்தது. வழக்கம்போல ஈரஜ் பேசட்டும் என்று. ஈரஜும் வழக்கம்போலவே குடுவையை வைத்துவிட்டு வந்தான். ஹூஷங்கின் தோளில் கை போட்டான்.

"கவலப்படாத தங்கச்சி. முத்திரை இருந்தா முடிஞ்சுது. இவரு சொன்னா சொன்னதுதான், திரும்ப வாங்கிக்குவாரு."

ஹூஷங் அந்தக் கையின் பாரத்தை உணர்ந்தார். அதைத் தட்டிவிடவில்லை. நாலு பேர் முன்னால், விருந்தாளியாக வந்த பெண் முன்னால், வாய் எழவில்லை. அவள் கொடுத்த மூன்று மடங்கையும் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு, உங்களையே நம்ப முடியலைன்னா வேற யாரைத்தான் நம்பறது என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபமாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள்.

அதன்பிறகு வரிசையாக வந்தன. கும் நகரத்திலிருந்து பார்சலில் ஒன்று, மஷ்ஹதிலிருந்து லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பியது ஒன்று, போனில் படம் மட்டும் அனுப்பி வசவோடு ஒன்று. இடதுபக்கக் கண்ணாடி எல்லாவற்றிலும் வால் முளைத்த பிறை. ஹூஷங் ஒன்றையும் மறுக்கவில்லை. மறுத்தால் சொன்ன சொல் போச்சு. ஏற்றுக்கொண்டாலோ, போலி விற்றவன் தானே ஒப்புக்கொண்டான் என்று ஆகிறது. இரண்டு பக்கமும் அவர் பேர்தான் தேய்ந்தது. திடலில் சிலர் அவர் விரிப்பைத் தாண்டிப் போகும்போது நடையை வேகமாக்கினார்கள். பூரான் ஒருநாள், துண்டைப் பிரித்த அன்றைக்கே உனக்குத் தெரியும், தெரிந்தேதான் கழுவி வைத்தாய் என்றாள்.

ஒரு மதியம் பல்செட் வேலையிலிருந்து நேராக ஈரஜின் சீட் கவர் தைக்கிற கடைக்குப் போனார்.

"உன் கால் என் கண்ணு மேல, வா வா" என்று ஈரஜ் எழுந்தான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். வெள்ளரிக்காயும் உப்பும் கொண்டுவந்து வைத்தான். ஹூஷங் உட்காரவில்லை. வெடித்த கண்ணாடியைத் தையல் மெஷின்மேல் வைத்தார்.

"அந்த வாலைப் பாரு" என்றார்.

ஈரஜ் பார்க்கவில்லை. பார்க்காமலே, "உள்ள எவன் பாத்தான்?" என்றான். "சம்பந்தி பட்டறைல அப்படியே அச்சுல போட்டுட்டாங்க. முதல் லாட் வந்தப்புறம்தான் எனக்கே தெரியும்."

"தெரிஞ்சப்புறம்?"

ஈரஜ் வெள்ளரிக்காயை நறுக்கினான். "தெரிஞ்சப்புறம் நல்லா வித்துச்சு."

வெளியே யாரோ வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார்கள். ஈரஜ் எழுந்து போகவில்லை.

"நீதானடா சமர்ப்பணம்னு சொன்ன?" என்றான். குரல் லேசாக எழும்பியது. "ஊரே கேட்டுச்சு. குடுத்துட்டு இப்ப வந்து கணக்குக் கேக்கற."

"எப்படிச் சொன்னேன்னு உனக்குத் தெரியாதா? இந்த ஊர்ல பொறந்தவன்தான நீ?"

"தெரியும். நான் எப்படிச் சொல்லுவேன்னு உனக்குத் தெரிஞ்சுதா?" ஈரஜ் கத்தியைக் கீழே வைத்தான். "இத்தன வருஷம் உன் வாயா நின்னேன். சாமான் உன்னுதுதான், வித்தது யாரு? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீயும் பங்கு எடுத்துக்கன்னு கேட்ட. நமக்குள்ள என்னடா கணக்குன்னேன். வேற என்ன சொல்லுவேன்? ரெண்டாந்தடவை நீ கேட்டிருக்கணும். மூணாந்தடவை கேட்டா சரின்னு சொல்லிருப்பேன். நீ சரி விடுன்னு எந்திரிச்சு டீ ஊத்திக்கப் போயிட்ட."

ஹூஷங்குக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. டீ ஊத்திக்கொண்டதும் ஞாபகம் வந்தது. நண்பன் எவ்வளவு பெரிய மனசுக்காரன் என்று அன்று வீட்டில் போய்ப் பூரானிடம் பெருமையாகச் சொன்னதும்கூட. முகத்தில் யாரோ தண்ணீரை அடித்த மாதிரி நின்றார். சாதாரணச் சாமான் வாங்க வருகிற வழிப்போக்கனிடம் மூன்று தடவை வற்புறுத்துகிறவர், இவனிடம் ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கிறார். நம்மவன்தானே என்றுதான் நிறுத்தினார்.

"அது என் தப்புதான்" என்றார். "நீ என் சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கலாம். என் கிடங்கையே பாதி அள்ளிட்டுப் போயிருக்கலாம், கேட்டிருக்க மாட்டேன். நீ என் பேரைக் கொண்டுபோயி குப்பைக்கூடை பண்ற மெஷின்ல போட்டுட்ட. அந்தப் பொண்ணு முன்னாடி என் தோள்ல கை போட்ட பாரு, அது எதுக்குடா? அந்தக் கடனுக்கா?"

ஈரஜ் வெள்ளரிக்காய்த் தட்டை ஓரமாகத் தள்ளினான்.

பணம் ஒன்றும் வேண்டாம் என்றார் ஹூஷங். வெள்ளிக்கிழமை திடலுக்கு வந்து, இந்தக் கண்ணாடிகள் ஹூஷங் விற்றதில்லை, எங்கள் பட்டறையில் வார்த்தது என்று எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஈரஜ், மகள் அந்த வீட்டில் வாழ வேண்டும் என்றான். உன்னையெல்லாம் எவன் சந்தேகப்படப்போகிறான் என்றும் சொன்னான். ஹூஷங் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஈரஜ் வந்தான், குடுவையோடு. அதே இடத்தில் உட்கார்ந்தான். ஹூஷங் வெகுநேரம் காத்திருந்தார். திடல் நிறைந்தது. ஈரஜ் டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் திரும்பி வந்த கண்ணாடிகளையெல்லாம் விரிப்பில் கவிழ்த்து வைத்து, எல்லோரையும் கூப்பிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, நடுவில் நின்று தானே பேசினார். எந்தக் கண்ணாடியை, எந்தக் கல்யாணத்துக்கு, யாருக்குக் கொடுத்தார், அது எந்தப் பட்டறையில் அச்சேறியது என்று அத்தனையும் சொன்னார். அசல் கண்ணாடியையும் கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் வைத்து, பாருங்கள் என்றார்.

குனிந்து பார்த்தார்கள். நிமிர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, கூட்டத்திலேயே மூத்தவரான லாரி முதலாளி கியானி ஆகா தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு பேரும் எங்க கண்ணு மாதிரி. என்னவோ நடந்துபோச்சு. சைத்தானைச் சபிச்சுட்டு முகத்துல முத்தம் குடுத்துக்கோங்கப்பா."

ஆமாம் ஆமாம் என்று எல்லோருக்கும் மூச்சு வந்தது. யாரோ ஈரஜை முதுகில் தள்ளினார்கள். ஈரஜ் எழுந்து வந்தான். அவன் கண்ணில் உண்மையாகவே நீர் இருந்தது. இரண்டு கையையும் விரித்தான். "ஹூஷங் ஜான், என் உயிரே" என்றான்.

அந்தத் திடலில் விரித்த கையை மறுத்தவர் என்று யாரையும் ஹூஷங்குக்கு நினைவில்லை.

"முதல்ல சொல்லு" என்றார். "இது உன்னுதுன்னு சொல்லு. அப்புறம் எவ்வளவு நேரம் வேணாலும் கட்டிக்கலாம்."

"ஆளுங்க முன்னாடி வேணாம்டா."

"ஆளுங்க முன்னாடிதான் என் பேரு போச்சு."

விரித்த கை அப்படியே நின்றது. கியானி ஆகா, அவன்தான் இறங்கி வந்துவிட்டானே, நீ பெரியவன் இல்லையா, விட்டுக்கொடு என்றார். பக்கத்திலிருந்தவர் ஹூஷங்கின் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். ஹூஷங் கையை உருவிக்கொண்டு ஓரடி பின்னால் வைத்தார். அந்த ஓரடியில் கூட்டத்தின் முகம் மாறியதை அவரால் பார்க்க முடிந்தது. கல் நெஞ்சு என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஈரஜ் கைகளை மெல்ல இறக்கிக்கொண்டான். இரண்டு பேர் அவனை அணைத்து, உட்காரவைத்து, அவன் குடுவையிலிருந்தே அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்கள்.

ஹூஷங் அசல் கண்ணாடிகளைப் பெட்டியில் வைத்தார். விரிப்பில் கிடந்த மற்ற சாமான்களைச் சுற்ற ஆரம்பித்தார். உதவிக்கு யாரும் வரவில்லை. வந்தால் ஒரு பக்கம் சேர்ந்ததாக ஆகிவிடும். அப்போது நடந்ததொன்றும் தெரியாத வெளியூர்க்காரர் ஒருவர், தாமதமாக வந்தவர், குனிந்து ஹாரன் வளையம் ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தார்.

"நீங்கதான் ஹூஷங் ஆகாவா? உங்களத் தேடித்தான் வந்தேன். இது அசல்தானே?"

"அசல்தான்."

"முத்திரை போட்டுக் குடுப்பீங்கல்ல?"

ஹூஷங் அவர் கையிலிருந்த வளையத்தைப் பார்த்தார். நாயினில் ஒரு பரணிலிருந்து எடுத்தது. தாளைப் பிரித்தபோது புத்தம் புதிதாக மின்னியது.

"இல்லீங்க. இனிமே முத்திரை கிடையாது. அது இருக்கிற எதையும் வாங்காதீங்க."

வந்தவருக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் வளையத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அது இல்லாமல் எதை நம்பி வாங்குவது என்று மரியாதையாகச் சொல்லி, நெஞ்சில் கை வைத்துத் தலையைக் குனிந்துவிட்டு, வளையத்தை விரிப்பிலேயே வைத்துவிட்டுப் போனார்.